மகன் சத்தமாகப் பாட்டுக் கேட்கிறான், கண்டிக்க வேண்டுமா?

வயதுக் கோளாறு, தானாகச் சரியாகும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். உட்காதில் ஒலியை உணரும் மயிரிழை உயிரணுக்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. 85 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) சத்தத்தை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான்!

தாம்பரம் மின்சார ரயிலில், தண்டவாள இரைச்சலை மீறிக் கேட்பதற்காக என் மகன் ஒலியை முழுதாகக் கூட்டியிருந்தான். எதிரே இருந்த எனக்கே பாட்டு வரி கேட்டது. திட்டவில்லை, வெளிச்சத்தத்தை அடைக்கும் இயர்போன் வாங்கிக் கொடுத்தேன். இப்போது பாதி ஒலியே போதும் என்கிறான்.

கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வைப்பது நாம்தானே? அதையும் நிறுத்த வேண்டும். காதில் ரீங்காரம் மறுநாளும் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.