இருமினால் சிறுநீர் கசிகிறது என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, இரண்டாவது பிள்ளை பிறந்து எட்டு மாதமாகியும் இருமினால், கிணற்றடியில் வாளி தூக்கினால் சிறுநீர் கசிகிறது, மாமியிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளை பெற்ற கனபேருக்கு இது வருவதுதான். அதற்காக "பெத்தால் அப்பிடித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கு முறையாகப் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகக் குறையும்.

வாயு போகாமல் அடக்குவதுபோல மலவாசலை இறுக்கி, அப்படியே முன்பக்கம் வரை உள்ளே மேலே இழுங்கள். மூச்சை அடக்கக்கூடாது, பிட்டமும் தொடையும் தளர்வாக இருக்கட்டும். முடிந்தளவு பிடித்து, பிறகு முழுதாக விடுங்கள். விடுவதும் பயிற்சிதான். ஒரு தடவைக்கு இப்படி 8 முறை இறுக்கி விடுங்கள், நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். அப்புறம், இருமல் வரும்போதும் வாளியைத் தூக்க முன்னும் ஒருக்கால் இறுக்கிக்கொள்ளுங்கள். சிறுநீரை நடுவில் நிறுத்திப் பழகாதீர்கள். பயந்து தண்ணீரைக் குறைக்கவும் வேண்டாம்.

சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்பது பலருக்குத் தானாகப் பிடிபடாது. உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது; பெண் ஒருவர் பார்க்க முடியுமா என்று தாராளமாகக் கேட்கலாம். கீழே ஏதோ இறங்குவதுபோல் இருந்தாலோ, எரிவோ இரத்தமோ கண்டாலோ பயிற்சியோடு நிற்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.