வாசகர் கேள்வி – பதில்: எதிராளிக்கும் ஒரு குரல்

கேள்வி: மத்தியகால ஐரோப்பாவில் லத்தீனில் எழுதியவர்கள் இலக்கணம், சமயம், தத்துவம் எனப் பல துறை நூல்களை இருவர் பேசிக்கொள்வதுபோல் அமைத்திருக்கிறார்களே, இது பிளேட்டோவைப் பார்த்து வந்த பழக்கமா? அந்நூல்களில் எதிராளிக்கு உண்மையான இடம் இருந்ததா, ஆசிரியருக்குத் தலையாட்டுவது மட்டும்தான் அவர் வேலையா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: பிளேட்டோவிடமிருந்து நேரடியாக வந்த பழக்கம் என்று சொல்ல இயலாது. அவருடைய நூல்களில் 'திமேயஸ்' என்பதன் ஒரு பகுதியே அக்காலத்தில் லத்தீனில் பரவலாகப் படிக்கப்பட்டது. அதிலும் நீண்ட சொற்பொழிவே மிகுதி. முன்மாதிரியாக நின்றவர்கள் ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோவும், கிறிஸ்தவ சமய அறிஞர் அகஸ்டினும், சிறையில் இருந்தபடி தத்துவத்தை ஒரு பெண்ணாக உருவகித்து அவளோடு பேசிய போயத்தியஸும்தான். எனினும் இந்த வடிவத்தின் ஆழமான வேர் வகுப்பறையில் இருக்கிறது என்பேன். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தொனாத்தூஸின் சிறிய இலக்கண நூல், "சொல்வகைகள் எத்தனை? எட்டு" என்றே தொடங்குகிறது. அதை மனப்பாடம் செய்து வளர்ந்த தலைமுறைகளுக்குக் கல்வியே வினாவும் விடையுமாகத்தான் வாய்த்தது.

இங்கிலாந்தில் 1000ஆம் ஆண்டையொட்டி ஏல்ஃப்ரிக் என்ற துறவி, மாணவர்கள் லத்தீன் பேசிப் பழகுவதற்காக ஓர் உரையாடலை எழுதினார். அதில் உழவன், மீனவன், வேடன் முதலியோர் தத்தம் தொழிலைப் பற்றி ஆசிரியருக்கு விடை சொல்கிறார்கள். எவ்வளவு கடுங்குளிரானாலும் ஆண்டைக்கு அஞ்சி வீட்டில் தங்கத் துணிவதில்லை என்கிறான் உழவன். தான் சுதந்திரமானவன் அல்லன் என்பதையே அதற்குக் காரணமாகவும் சொல்கிறான். மொழிப் பயிற்சி ஏடு ஒன்றில் இக்குரல் பதிவாகியிருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தலையாட்டும் மாணவர்கள் ஏராளம் என்பது உண்மைதான். ஆனால் கான்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098இல் முடித்த, கடவுள் ஏன் மனிதரானார் என்று ஆராயும் நூலில், அவருடைய மாணவர் போசோ, நம்பிக்கையற்றவர்கள் எழுப்பும் மறுப்புகளைத் தம் வாயாலேயே எடுத்துரைக்க அனுமதி கேட்டு, அரைகுறை விளக்கங்களை ஏற்காமல் மேலும் மேலும் வினவுகிறார். வினா-விடையாக ஆராய்வது பலருக்கு, குறிப்பாக மெல்லக் கற்பவர்களுக்கு, தெளிவைத் தரும் என்று இவ்வடிவத்துக்கான காரணத்தை அன்செல்மே கூறியிருக்கிறார்.

ஸ்பெயினைச் சேர்ந்த பெத்ருஸ் அல்போன்சியின் நூல் இன்னும் வியப்பானது. யூதராகப் பிறந்து 1106இல் கிறிஸ்தவரான இவர், தம் புதிய பெயரான பெத்ருஸையும் பழைய பெயரான மோசேயையும் இரு பாத்திரங்களாக்கி வாதிடச் செய்தார். யூத சமயத்தைக் கடுமையாகத் தாக்கும் நூல் அது. தம் முன்னாள் சுயத்தையே எதிரில் அமர்த்திக்கொண்டதால் எதிராளியின் நியாயங்களை அவர் உள்ளிருந்தே அறிந்திருந்தார் என்பதையும் மறுக்க முடியாது.

எதிராளியின் குரலை அதன் முழு வலிமையோடு ஒலிக்கவிட்டவராக நான் கருதுவது 12ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் அபெலாரை. அவருடைய உரையாடல் நூலில் தத்துவவாதி, யூதர், கிறிஸ்தவர் ஆகிய மூவரும் கனவில் தோன்றி அவரையே நடுவராக இருக்கக் கோருகின்றனர். கிறிஸ்தவத் துறவி ஒருவர் எழுதிய அந்நூலில், தம் மக்கள் வயலோ திராட்சைத் தோட்டமோ வைத்துக்கொள்ள முடியாமல் வட்டித் தொழிலுக்குத் தள்ளப்பட்டு, அதனாலேயே மேலும் வெறுக்கப்படுவதை அந்த யூதர் எடுத்துரைக்கும் பகுதியை இன்று படித்தாலும் மனம் கனக்கிறது. நமக்குக் கிடைத்துள்ள பிரதி, நடுவரின் தீர்ப்பு வருவதற்கு முன்பே நின்றுவிடுகிறது.