தாய் பாவமா, பிள்ளை பாவமா?

ஐயா, வணக்கம்.

எங்கள் மகள் இவ்வருடம், இங்கே பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத் தேர்வை எழுதியிருக்கிறாள். செப்டெம்பரில் உயர்தர வகுப்பான சிக்ஸ்த் ஃபோர்மில் சேரவேண்டும். உயிரியல், இரசாயனவியல் ஆகியவற்றோடு மூன்றாவதாக நாடகமும் அரங்கியலும் எடுக்கப்போவதாகப் பிடிவாதமாக நிற்கிறாள். கணிதத்தை விட்டு இதை எடுத்தால் பல்கலைக்கழகங்கள் மதிக்குமா? பாடசாலையில் கேட்டேன். தன்னம்பிக்கை வளரும், பேச்சுத்திறன் வரும் என்றார்கள். அதற்குத்தான் பத்து வருடம் பரதநாட்டிய வகுப்புக்கும் தமிழ்ப் பள்ளி நாடகங்களுக்கும் அனுப்பினோமே? "கூத்தாடவா லண்டனுக்கு வந்தனீங்கள்?" என்று கணவரின் உறவினர்கள் கேட்கிறார்கள். வீட்டில் ஒரு மாதமாகச் சண்டை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஹரோவிலிருந்து ஒரு தாய்

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த கிழமையில் நான் அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸின் 'த கிளாஸ் மெனாஜரி' நாடகத்தைப் பல வருடங்களுக்குப் பிறகு மீண்டும் படித்துக்கொண்டிருந்தேன். மகளின் படிப்பைப் பற்றி இரவும் பகலும் கவலைப்படும் ஒரு தாயின் கதை அது. அந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உங்கள் கடிதத்தைத் திறந்தவனுக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பல்கலைக்கழகக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பிரித்தானியாவின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் கூட்டமைப்பான ரசல் குழுமம் 2011இல் வெளியிட்ட முன்னுரிமைப் பாடங்களின் பட்டியலில் நாடகம் இருக்கவில்லை. நம்மவர்கள் இன்னும் அந்தப் பட்டியலைத்தான் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். 2019இல் அக்குழுமமே அதைக் கைவிட்டுவிட்டது. மருத்துவத்துக்குக்கூட, இரசாயனவியலையும் உயிரியலையும் கேட்டுவிட்டு மூன்றாவது பாடத்தை மாணவரின் விருப்பத்துக்கே விடும் பீடங்கள் பல உள்ளன. மகள் விரும்பும் துறைக்குக் கணிதம் கட்டாயமா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உறவினர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. கூத்தை இழிசொல்லாக வழங்கும் இவர்கள், 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதே கூத்தை ஏற்றிவைத்ததையும், இலங்கையின் உயர்தரப் பரீட்சையிலேயே நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம் என்பதையும் மறந்துவிட்டார்கள்.

என்னைக் கோபப்படுத்தியது வேறொன்று. தன்னம்பிக்கை வளரும் என்று பாடசாலை சொன்னதை நீங்கள் ஏற்றுக்கொண்டதோடு, அது ஏற்கனவே கிடைத்துவிட்டது என்று கணக்கையும் முடித்துவிட்டீர்கள். இரசாயனவியல் படித்தால் கை நடுங்காமல் குடுவை பிடிக்கப் பழகலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதற்காகவா அந்தப் பாடத்தை எடுக்க விடுவீர்கள்? நாடகத்தைப் பற்றி மட்டும் இப்படிச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நேர்முகத் தேர்வில் நிமிர்ந்து உட்காரக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாக அதைச் சுருக்கிவிட்டால், பிறகு அதைத் தள்ளிவைப்பதும் எளிதாகிவிடுகிறது. பாடத்தை ஆதரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அதன் ஆசிரியர்களே இந்த வாதத்தைக் கையில் எடுப்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். மேடைக் கூச்சம் உள்ள பிள்ளை, கடைசிவரை கூச்சத்தோடே இருந்துகொண்டு, இந்தப் பாடத்தில் மிக ஆழமாகச் செல்ல முடியும்.

அந்தப் பிள்ளைகள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பொதுத் தேர்வுகளை நடத்தும் ஏகியூஏ சபையின் நாடகப் பாடத்திட்டத்தில் 3 மணித்தியால எழுத்துத் தேர்வுக்கு மொத்தப் புள்ளிகளில் 40 வீதம். சிறு குழுவாகச் சேர்ந்து, ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் போன்ற ஓர் அரங்க ஆளுமையின் முறையை ஊன்றிப் படித்து, இல்லாத ஒரு நாடகத்தைத் தாமே உருவாக்கி ஆற்றுகை செய்வதற்கு 30 வீதம். அதில் ஒத்திகைக் காலம் முழுவதும் எழுதிவரும் குறிப்பேட்டுக்கே மேடையேற்றத்தைவிடக் கூடுதல் புள்ளிகள். எழுதப்பட்ட நாடகங்களின் பகுதிகளை மேடைக்குக் கொண்டுவருவதற்கு மீதி 30. எழுத்துத் தேர்வில் தாம் நேரில் பார்த்த ஒரு மேடையேற்றத்தையும் ஆராய்ந்து எழுதவேண்டும். ஆனால் அத்தேர்வின் உயிர் நான் சொல்லும் இந்த வகைக் கேள்வியில் இருக்கிறது: இந்தப் பாத்திரத்தின் இந்த வரிகளை நீ எவ்வாறு பேசுவாய், எங்கே நிறுத்துவாய், அந்த நேரத்தில் கை எங்கே இருக்கும், பார்ப்பவர் யார் பக்கம் சாயவேண்டும் என்று நினைக்கிறாய், ஏன்? இதற்குப் பதில் எழுத, பிடிக்காத மனிதருக்குள்ளும் இறங்கி அவர் பக்கத்து நியாயத்தைக் கண்டெடுக்கவேண்டும். மருத்துவராகப் போகும் பிள்ளையானால் இது எவ்வளவு தேவை என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

'த கிளாஸ் மெனாஜரி' அந்தச் சபையின் பாடநூல்களில் ஒன்றாக இருந்துவருகிறது. நான் அதை முதலில் அறிந்தது 'கண்ணாடி வார்ப்புகள்' என்ற பெயரில், யாழ்ப்பாணத்தில். 1978இல் தொடங்கிய தமிழ் அவைக்காற்று கலைக் கழகம், க. பாலேந்திராவின் நெறியாள்கையில் அதை மேடையேற்றியது. எனக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். அப்பா, அம்மா, அக்கா, நான் நால்வரும் போயிருந்தோம். அக்கா அந்த வருடம் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பழகிக்கொண்டிருந்தாள். அவள் கேட்ட படிப்பு அது இல்லை.

நாடகத்தில் லோரா என்ற பெண்ணும் தட்டெழுத்து வகுப்புக்கு அனுப்பப்படுகிறாள். முதல் வேகத் தேர்விலேயே பயத்தில் வாந்தியெடுத்துவிட்டு, அதன் பிறகு வகுப்புக்குப் போவதில்லை. போவதாகச் சொல்லிவிட்டுப் பூங்காவில் குளிரில் நடந்து திரிகிறாள். தாய் அமாண்டா அதைக் கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்கு வரும் காட்சி இருக்கிறதே, அதை எந்தப் பெற்றோரும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்தபோது அப்பா, "அந்தத் தாய் பாவம்" என்றார். அம்மா உடனே, "அந்தப் பிள்ளையல்லோ பாவம்" என்றாள். கைவிட்டுப் போன கணவன், வகுப்புக்குக் கட்டிய ஐம்பது டொலர், நாளைக்கு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று அப்பா அடுக்கிக்கொண்டே வந்தார். அந்தப் பிள்ளையின் குரலை ஒருநாளாவது அந்த வீட்டில் யாரும் கேட்டார்களா என்று அம்மா திருப்பிக் கேட்டாள். வீட்டுப் படலை திறக்கும் வரை இருவரும் விடவில்லை. அதற்கு முன்பு அவர்கள் அப்படி எதைப் பற்றியும் பேசிக்கொண்டதை நான் கேட்டதில்லை. அவர்கள் அன்று இரவு செய்ததைத்தான் உங்கள் மகள் இரண்டு வருடம் குறிப்பேடும் பேனையுமாகச் செய்யப்போகிறாள்.

அக்கா வழி முழுவதும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் வகுப்பை முடித்தாள், வேலைக்கும் போனாள். சென்ற வருடம் தொலைபேசியில் இந்த நாடகத்தைப் பற்றிய பேச்சு வந்தபோது, "எனக்கு அந்தப் பிள்ளை பூங்காவில நடந்து திரிஞ்சது மட்டும்தான் ஞாபகம்" என்றாள்.

பரதநாட்டியம் இருக்கிறதே என்கிறீர்கள். மகள் பத்து வருடம் ஆடியது நல்லது. அந்த உடல் அவளுக்கு இங்கே மிகவும் உதவும். ஆனால் அங்கே குருவின் கையிலிருந்து வடிவம் வருகிறது. இங்கே பதினாறு வயதுப் பிள்ளை ஒரு வரியை இப்படித்தான் பேசவேண்டும் என்று தானே தீர்மானித்து, அதற்குக் காரணமும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

சண்டையை இன்னும் ஒரு கிழமை தள்ளிவையுங்கள். நூலகத்தில் அந்த நாடகத்தை எடுத்து, இரண்டாவது காட்சியை மகளோடு சேர்ந்து சத்தமாகப் படியுங்கள். அமாண்டா கையுறையைக் கழற்றிவிட்டு, தட்டெழுத்துப் பலகையின் படத்தை இரண்டாகக் கிழிக்கும் காட்சி அது. தாயின் வசனங்களை மகளுக்குக் கொடுங்கள். நீங்கள் லோராவாக இருங்கள்.

அன்புடன்.