ஃபான் போட மூளை வேண்டுமா?

கேள்வி: 2009இல் கழுத்தில் செல் துண்டு பட்டதிலிருந்து என் அண்ணாவுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. முகம் நல்லா அசையும், குரல்தான் மெலிவு. சத்திரசிகிச்சை இல்லாமல் மூளை அலையைப் பிடிக்கிற தொப்பியை வீட்டிலேயே செய்யலாம் என்று மகன் யூடியூப்பில் காட்டினான். அது இருந்தால் அண்ணா தானே ஃபான் போடுவாரா?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, அவசரப்பட்டுக் காசு அனுப்பிவிடாதீர்கள். மகன் காட்டியது பொய்யில்லை, மூளை அலையைப் பிடிக்கிற மின்பலகை செய்யும் ஓப்பன்பிசிஐ நிறுவனம் மாதிரியான ஆட்கள் அதன் மின்சுற்றுப் படத்தையும் மென்பொருளையும் பொதுவிலேயே போட்டிருக்கிறார்கள், தொப்பியை முப்பரிமாண அச்சில்கூட எடுக்கலாம். ஆனால் மண்டையோட்டுக்கு வெளியே கிடைப்பது சில பத்து மைக்ரோவோல்ட்தான், அதாவது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்து அதில் சில பத்துப் பங்கு. அண்ணா பல்லைக் கடித்தாலே அதைவிடப் பெரிய அலை வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். வற்றாப்பளைப் பொங்கலில் லவுட்ஸ்பீக்கருக்குக் கீழே நின்று பக்கத்து ஆள் குசுகுசுப்பதைக் கேட்கப் பார்க்கிற கதைதான்.

அப்புறம், ஒவ்வொரு நாளும் அலையைப் பிடிக்கத் தலையில் வைக்கிற மின்முனைகளுக்குப் பசை தடவி, பிறகு தலை கழுவி விடப்போவது யார்? நீங்கள்தானே. கண்கூட அசையாதவர்களுக்கு அந்தக் கஷ்டம் தகும். அண்ணாவுக்கு மூளை அலையை மூடிவிடுகிற அந்தத் தாடை அலையே நல்ல சுவிட்ச், தாடையில் இரண்டு மூன்று மின்முனை ஒட்டி அதே மின்பலகையில் பிடிக்கலாம்.

அதற்கும் முதல் செலவில்லாத வழியைப் பாருங்கள். ஆண்ட்ரொய்ட் 12இலிருந்து ‘சுவிட்ச் அக்சஸ்’ வசதியில் போன் கமராவே சிரிப்பையும் புருவம் உயர்த்துவதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். போனைக் கட்டிலோரம் முகத்துக்கு நேரே ஒரு தாங்கியில் பூட்டி, மேசை ஃபானைப் போனாலேயே போட்டு நிறுத்தக்கூடிய ஒரு ஸ்மார்ட் பிளக்கில் போட்டுவிட்டால், அண்ணா புருவத்தைத் தூக்கி ஃபானைப் போடுவார்.

கேள்வி: அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறேன். அந்த மாதிரி மின்பலகையில் என் மூளை அலையைப் பார்க்கிறேன். கண்ணை மூடினால் அல்பா என்ற மூளை அலை கூடும் என்கிறார்கள். எனக்கோ 50 ஹேர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 தடவை ஆடுகிற இடத்தில், ஒரு கோடுதான் பனை மாதிரி நிற்கிறது.
- மாணவன், கிளிநொச்சி

பதில்: தம்பி, அது சுவரில் ஓடுகிற கரண்ட். லாப்டொப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாரும். பலகை பற்றறியில் மட்டும்தான் ஓட வேண்டும், தலையில் வயரை ஒட்டிக்கொண்டு மெயின்ஸில் தொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். கரண்ட் அலையைக் கழிக்கிற மென்பொருளின் வடிகட்டி 50இல்தானா என்றும் பாரும், சிலதில் அமெரிக்கக் கணக்கில் 60 என்று கிடக்கும். ஆனால் வடிகட்டி கோட்டை மறைக்குமே தவிர, சரியாக ஒட்டாத மின்முனையை ஒட்டிவிடாது. எண்ணெய் வைத்த தலை என்றால் முதலில் ஷாம்பூ போடும். பிறகு மின்முனையை நெற்றியில் அல்ல, பின்மண்டையில் வையும், ஒப்பிட்டுப் பார்க்கிற மற்ற மின்முனை காதுச்சோணையில். கண்ணை மூடினால் 8 முதல் 12 ஹேர்ட்ஸுக்குள் ஒரு மேடு எழும்பும், அதுதான் அல்பா, ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளை அலையைப் பதியத் தொடங்கியபோது கண்டுகொண்டதும் இதே அலைதான். அதற்கும் வராவிட்டால் அறைத்தோழனின் தலையில் வைத்துப் பாரும், சிலருக்கு அல்பா இயல்பாகவே மெலிவு.