கம்பெனி ஆம்ப்புக்கு எத்தனை ஓம் சப்ஊஃபர்?

காரோடு வந்த ஆம்ப்பை (ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) அப்படியே வைத்துக்கொண்டு, கெட்டுப்போன சப்ஊஃபரை (பாஸ், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) மட்டும் மாற்ற நினைப்பவர்களின் கேள்விகள் இவை. பெயருக்குப் பதிலாக ஊரைப் போட்டிருக்கிறேன்.

கோவை: சார், என்னுடையது போஸ் சிஸ்டத்தோடு வந்த பழைய கார். சப்ஊஃபரின் ஓரம் கிழிந்துவிட்டது. கடையில் 4 ஓம் மட்டும்தான் இருக்கிறதாம். போடலாமா?

போட்டால் ஆம்ப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பாஸ் குறைந்துவிடும், அந்த ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். 1983 மாடல் கேடிலாக் செவில் காலத்திலிருந்து போஸ் கார்களுக்கு ஒலியமைப்பு செய்கிறது. அதன் கார் ஸ்பீக்கர்களில் பல 2 ஓம், 1 ஓம் என்று தாழ்ந்த இம்பீடன்ஸில்தான் (ஓமில் சொல்லும் மின்தடை) இருக்கும். காரணம் பேட்டரி. வண்டி ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். உள்ளே வோல்டேஜை ஏற்றும் சர்க்யூட் இல்லாத ஆம்ப், ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் எதிரெதிராக ஓட்டும் பிரிட்ஜ் முறையில் வேலை செய்தாலும் இந்த 14.4 வோல்ட் உச்சத்தைத் தாண்ட முடியாது. கணக்குப் போட்டால் 4 ஓமில் சுத்தமாகக் கிடைப்பது அதிகபட்சம் 26 வாட், 2 ஓமில் 52, 1 ஓமில் 104. நிஜத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். வோல்டேஜை ஏற்றச் செலவாகும் என்பதால் ஓமைக் குறைத்துவிட்டார்கள். அதனால் 2 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் வைத்தால் பவர் பாதியாகும், அதாவது 3 டெசிபெல் குறையும். 1 ஓம் இருந்த இடமானால் கால்வாசிதான் மிஞ்சும். முதலில் பழையது எத்தனை ஓம் என்று பாருங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள்.

மதுரை: எனக்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள். கம்பெனி சப்ஊஃபர் 4 ஓம். 2 ஓம் போட்டால் பாஸ் இரண்டு மடங்காகும் என்கிறார் ஃபிட்டர்.

தயவுசெய்து வேண்டாம். ஓம் பாதியானால் கரண்ட் இரண்டு மடங்காகும். அதனால் ஆம்ப்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் கூடுதலாகச் சூடாகும். சீட்டுக்கு அடியிலோ டிக்கியின் ஓரத்திலோ காற்றே படாத இடத்தில், சின்ன ஹீட் சிங்கோடு உட்கார்ந்திருக்கும் ஆம்ப் அது. சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் கேட்கவே வேண்டாம். அதிர்ஷ்டம் இருந்தால் பாதுகாப்பு சர்க்யூட் சத்தத்தை நிறுத்திவிடும், இல்லையென்றால் ஆம்ப் போய்விடும். அந்தக் காருக்கென்றே செய்த ஆம்ப் என்பதால் சென்னை ரிச்சி தெரு முழுக்க அலைந்தாலும் மாற்று கிடைப்பது கஷ்டம்.

திருநெல்வேலி: பழையது எத்தனை ஓம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அளங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவிட்டு, வரும் அளவைக் குறித்துக்கொண்டு கழித்துவிடுங்கள். 4 ஓம் காயில் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள்) பொதுவாக 3.2 முதல் 3.7 வரை காட்டும், 2 ஓம் 1.6 முதல் 1.9 வரை. மீட்டர் காட்டுவது டிசி மின்தடை, எழுதியிருப்பதைவிட அது குறைவாக இருப்பதுதான் இயல்பு. 1 ஓமும் அதற்குக் கீழும் வந்தால் மலிவு மீட்டரை நம்ப வேண்டாம், காந்தத்தின் பின்னால் உள்ள லேபிளைத் தேடுங்கள். கருகிய வாடை அடிக்கும் காயிலின் அளவும் நம்பத்தக்கதல்ல. உள்ளே சுற்றுகள் ஒட்டியிருந்தால் குறைத்துக் காட்டும்.

சேலம்: என் சப்ஊஃபரில் நான்கு வயர் வருகிறது. புதிதாக வாங்கியது ஒற்றைக் காயில். இரண்டு இரண்டாகச் சேர்த்து முறுக்கிவிடலாமா அண்ணா?

கூடவே கூடாது. அது டூயல் காயில், அதாவது இரண்டு காயில் உள்ள சப்ஊஃபர். ஒவ்வொரு காயிலையும் ஆம்ப்பின் தனித்தனி சேனல் ஓட்டுவதாக இருக்கும். பிரிட்ஜ் அவுட்புட்டில் மைனஸ் வயர்கூட பாடி எர்த் கிடையாது. இரண்டு சேனலையும் முறுக்கிச் சேர்த்தால், ஒன்று மற்றொன்றைத் தள்ளி ஆம்ப்பை எரித்துவிடும். ஒரு சேனலை மட்டும் கொடுத்து மற்றதைத் தனியாக மூடி வைத்தால் வேலை செய்யும், ஆனால் பவர் பாதி. சில கார்களில் ஸ்பீக்கர் காணவில்லை என்று கோளாறுக் குறியீடும் பதிவாகும். முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே ஓமில் டூயல் காயில் வாங்குங்கள். 2 ஓம், 2 ஓம் என்றிருந்தால் அதேபோல. மாட்டும்போது பிளஸ், மைனஸ் கவனம். ஒரு காயில் மாறிவிட்டால் இரண்டும் எதிரெதிராக இழுத்து பாஸே இருக்காது. 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், பிளஸ்ஸுக்குப் பிளஸ் என்றால் கோன் (ஸ்பீக்கரின் அசையும் கூம்பு) வெளியே வரும்.

தஞ்சாவூர்: 2 ஓம் சப்ஊஃபரோடு 2 ஓம் ரெசிஸ்டர் சேர்த்து 4 ஓம் ஆக்கலாமா?

ஆம்ப் தப்பிக்கும், பாஸ் கெடும். பாதிப் பவர் ரெசிஸ்டரில் சூடாக வீணாகும். கோனின் மீது ஆம்ப்புக்கு உள்ள பிடியும் தளர்ந்து, மிருதங்கத் தொப்பி அடி கொழகொழவென்று கேட்கும்.

ஈரோடு: 4 ஓம்தான், ஆனால் பெட்டியில் 1200 வாட் என்று போட்டிருக்கிறது. ஈடுகட்டுமா?

ஈடுகட்டாது. அது தாங்கும் அளவு, தரும் அளவு அல்ல. அந்த மாதிரி சப்ஊஃபர்களில் கோன் கனமாக இருக்கும், 50 வாட் ஆம்ப்பில் அசையவே யோசிக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கும் பவருக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிலர் 1 வாட்டில் அளந்து எழுதுவார்கள், சிலர் 2.83 வோல்ட்டில். 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட், 2 ஓமில் 4 வாட். ஆகவே ஒரே முறையில் அளந்த இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள்.

திருச்சி: ஓம் சரியாகப் பொருந்தினால் பழைய சத்தமே வந்துவிடுமா?

வரும் என்று சொல்ல முடியாது. கம்பெனி ஆம்ப்பின் ஈக்வலைசேஷன் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் திருத்தும் அமைப்பு) அந்த ஒரே சப்ஊஃபருக்கும் அது உட்கார்ந்த பெட்டிக்கும் என்று செதுக்கியது. பின் சீட்டுக்குப் பின்னால் தட்டில் திறந்தவெளியாக மாட்டியிருந்தால், மூடிய சின்னப் பெட்டிக்கென்று செய்த சப்ஊஃபர் அங்கே சரிவராது. ஸ்பீக்கரின் விவரத்தாளில் க்யூடிஎஸ் (Qts, கோனின் அசைவு எவ்வளவு கட்டுப்படுகிறது என்று காட்டும் எண்) 0.7 அளவில் உள்ளதாகத் தேடுங்கள். ஆழத்தையும் அளந்துவிடுங்கள்.

என் விருப்பத்தைக் கேட்டால், காயில் நன்றாக இருந்து ஓரம் மட்டும் கிழிந்திருக்கும்போது புதியது வாங்கவே வேண்டாம். ஓரத்து ஃபோமை மாற்றித் தரும் ஸ்பீக்கர் ரிப்பேர்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓம் மாறாது, கோன் மாறாது, ஆம்ப்புக்கு வித்தியாசமே தெரியாது. காயிலும் போயிருந்தால், அதே மாடல் காரிலிருந்து கழற்றியதைச் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் விசாரியுங்கள். மீட்டரைக் கையோடு கொண்டுபோய், காசு கொடுப்பதற்கு முன்னால் அளந்து பாருங்கள்.