தொலைந்த பாஸ்போர்ட்டுக்கு ‘ஃப்ரெஷ்’ போடலாமா?

கேள்வி: சொந்த ஊர் குடியாத்தம். வேலைக்காக பெங்களூரு கே.ஆர்.புரத்தில் மனைவியோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். 2019-ல் சென்னை அலுவலகத்தில் எடுத்த பாஸ்போர்ட்டை, மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து வரும்போது பஸ்ஸில் பையோடு விட்டுவிட்டேன், கிடைக்கவில்லை. பிரவுசிங் சென்டரில் கேட்டால், “கையில் பழைய புத்தகமே இல்லையே, ஃப்ரெஷ் என்று போட்டால் 1500 ரூபாயில் முடிந்துவிடும், போலீஸ் புகாரும் வேண்டாம்” என்று சொல்லி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். பணம் இன்னும் கட்டவில்லை. கம்பெனியில் என்னை சிங்கப்பூர் அனுப்பப் போகிறார்கள். பழைய நம்பரும் ஞாபகம் இல்லை. இப்படிப் போட்டது சரியா? இல்லை ஊருக்குப் போய்த்தான் எடுக்க வேண்டுமா?

பதில்: பணம் கட்டாமல் நிறுத்தினீர்களே, அதுவரை நல்லது. அந்த விண்ணப்பத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அதில் அப்பாயின்ட்மென்ட் எடுக்காதீர்கள். அரசின் பாஸ்போர்ட் இணையதளத்தில் புதிதாக இன்னொன்று நிரப்புங்கள். இந்த முறை முதல் திரையில் ‘ரீஇஷ்யூ’ (மறுபடி வழங்குதல்) என்பதைத் தேர்ந்தெடுத்து, காரணம் கேட்கும் இடத்தில் ‘லாஸ்ட் பாஸ்போர்ட்’ (தொலைந்த பாஸ்போர்ட்) என்று குறியுங்கள்.

‘ஃப்ரெஷ்’ என்பது வாழ்நாளில் ஒருமுறைகூட பாஸ்போர்ட் வாங்காதவர்களுக்கு மட்டும். கையில் புத்தகம் இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை, அரசு உங்கள் பெயரில் ஏற்கனவே ஒன்று கொடுத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கொடுத்திருந்தால், அது தொலைந்தாலும் கிழிந்தாலும் காலாவதியானாலும் அடுத்து நீங்கள் வாங்குவது எப்போதும் ரீஇஷ்யூதான். மழையில் நனைந்தோ கிழிந்தோ போனதற்கு ‘டேமேஜ்ட்’ என்று தனிக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்வது ஏனென்றால், கிழிந்த புத்தகத்தைக் காட்டக் கூச்சப்பட்டு ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதுகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள், அதுவும் தப்பு.

3000 ரூபாய்க்குப் பதில் 1500-ல் முடியும் என்ற அந்த மிச்சத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பிரவுசிங் சென்டரில் உங்களிடம் சொல்லவில்லை. பழைய பாஸ்போர்ட்டை மறைத்து விண்ணப்பிப்பது 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12-வது பிரிவில் வருகிற குற்றம். பாஸ்போர்ட் வாங்குவதற்காகத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தாலோ, முக்கியமான தகவலை மறைத்தாலோ இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 5000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படி வாங்கிய பாஸ்போர்ட்டை 10-வது பிரிவின்படி பிறகு எப்போது வேண்டுமானாலும் முடக்கலாம், ரத்து செய்யலாம். விண்ணப்பத்தின் கடைசியில் உறுதிமொழி கொடுப்பது நீங்கள், பிரவுசிங் சென்டர்காரர் இல்லை. நாளைக்கு விசாரணை வந்தால் அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

மாட்டவே மாட்டோம் என்றும் நினைக்காதீர்கள். விண்ணப்பத்தோடு நேரில் போகும் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் (சேவை மையத்தில்) ஏ கவுன்டரில் போட்டோவும் கைரேகையும் எடுத்து, பி கவுன்டரில் ஆவணங்களைச் சரிபார்த்து, சி கவுன்டரில் அதிகாரி முடிவு செய்வார். உங்கள் பழைய பதிவு சென்னையில் இருந்தாலும் கணினியில் பெயரும் பிறந்த தேதியும் போட்டால் தெரிந்துவிடும். அப்போது “தெரியாமல் போட்டுவிட்டேன்” என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும், சிங்கப்பூர் வேலை காத்துக்கொண்டிருக்கும்.

சரி, கட்டணம். உங்கள் பழைய பாஸ்போர்ட்டுக்கு 2029 வரை காலம் இருக்கிறது, அதனால் தொலைந்ததற்குப் பதில் வாங்க 36 பக்கப் புத்தகத்துக்கு 3000 ரூபாய், 60 பக்கத்துக்கு 3500. இதற்கு மேல் யாராவது ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று கேட்டால் அது அரசுக்குப் போகிற பணம் இல்லை. அரசு தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்றுதான் முடியும், அதே மாதிரி முகப்போடு பணம் பிடுங்குகிற போலித் தளங்கள் நிறைய இருக்கின்றன, முகவரியைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

போலீஸ் புகார் இல்லாமல் இந்த விண்ணப்பம் நகராது. ஆனால் அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. பெங்களூரில் தொலைந்த பொருள்களுக்காகவே காவல்துறையின் ‘ஈ-லாஸ்ட்’ வசதி இருக்கிறது, போனிலேயே பதிவு செய்து அறிக்கையை எடுத்துக்கொள்ளலாம், ஸ்டேஷனுக்கு நேரில் போயும் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஈ-லாஸ்ட் தவறவிட்டதற்கு மட்டும். யாராவது பையைத் திருடியிருப்பார்கள் என்று நிஜமாகவே நினைத்தால் ஸ்டேஷனில் திருட்டுப் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். வாங்குங்கள். எங்கே தொலைந்தது என்பதையும் நடந்தபடியே எழுதுங்கள். ஊரில் தொலைந்ததாகச் சொன்னால் சுலபம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், புகாரில் ஒரு இடம், பாஸ்போர்ட் ஆபீஸில் கொடுக்கும் கடிதத்தில் இன்னொரு இடம் என்றால் இரண்டுமே சந்தேகத்துக்கு இடமாகிவிடும். புகாரில் பாஸ்போர்ட் எண்ணும் இருக்க வேண்டும், அதனால் முதலில் எண்ணைத் தேடுங்கள்.

எண் எங்கே கிடைக்கும்? உங்கள் கம்பெனி ஹெச்.ஆரிடம் ஸ்கேன் இருக்க வாய்ப்பு அதிகம், சிங்கப்பூர் பேச்சு வந்தபோதே வாங்கியிருப்பார்கள். இல்லையென்றால் பழைய விசா, விமான டிக்கெட், வங்கியில் கொடுத்த நகல், 2019-ல் விண்ணப்பித்தபோது வந்த மின்னஞ்சல், அந்தப் பழைய லாகின், ஊரில் அம்மா அப்பா பீரோவில் வைத்திருக்கும் ஜெராக்ஸ், எல்லாவற்றையும் பாருங்கள். விண்ணப்பத்தில் பழைய பாஸ்போர்ட்டின் எண், கொடுத்த தேதி, முடியும் தேதி, கொடுத்த இடம் எல்லாம் கேட்பார்கள், ஊகித்து எதையும் போடாதீர்கள். முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகல் கிடைத்தால் கூடவே எடுத்துப் போங்கள், வேலை மிகவும் லேசாகும்.

அப்புறம் அனெக்ஸர் எஃப். பாஸ்போர்ட் எப்படி, எங்கே தொலைந்தது என்று நீங்களே எழுதித் தரும் உறுதிமொழி அது. இதற்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டும், நோட்டரி கையெழுத்து வேண்டும் என்று சொல்லி இன்றைக்கும் பணம் வாங்குகிறார்கள், எனக்கு இதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் 2016 டிசம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் இந்த அனெக்ஸர்கள் வெள்ளைத் தாளில் சொந்த உறுதிமொழியாக இருந்தால் போதும் என்று அறிவித்துவிட்டது. மாதிரி அரசு தளத்திலேயே இருக்கிறது, பிரின்ட் எடுத்துப் பூர்த்தி செய்து கையெழுத்துப் போடுங்கள்.

ஊருக்குப் போக வேண்டியதில்லை. 2018-லிருந்து இந்தியாவில் எந்த ஊரிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். பெங்களூரிலேயே இருக்கிற கேந்திராக்களில் எதில் சீக்கிரம் தேதி கிடைக்கிறதோ அதை எடுங்கள். ஆனால் முகவரியில் குடியாத்தத்தைப் போட்டால் போலீஸ் விசாரணை குடியாத்தத்தில்தான் நடக்கும், பாஸ்போர்ட்டும் அங்கேதான் போகும். நீங்கள் கே.ஆர்.புரத்தில் இருக்கும்போது அந்த முகவரியைப் போடுவதுதான் உண்மை, அதுதான் வசதியும். அதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரில் முகவரியை மாற்றிவிடுவது எல்லாவற்றிலும் சுத்தமான வழி. பதிவு செய்யாத பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள், இந்த முகவரி உள்ள வங்கிப் பாஸ்புக், கேஸ் இணைப்புப் புத்தகம் மாதிரி எது இருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் ஊர் முகவரியும் மனைவி பெயர் இல்லாமலும் இருந்தால், இதே விண்ணப்பத்தில் விவரங்களில் மாற்றம் என்பதையும் குறித்து இரண்டையும் சரிசெய்துகொள்ளலாம், தனியாக இன்னொரு முறை அலைய வேண்டாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மறக்காதீர்கள், இசிஆர் முத்திரை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்முன் அரசு அனுமதி வேண்டும் என்கிற குறிப்பு) இல்லாமல் வாங்க அது உதவும்.

போலீஸ் விசாரணைக்கு வருகிறவர் போனில் கூப்பிடுவார், வீட்டு ஓனரிடமும் பக்கத்து வீட்டிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இந்த விசாரணைக்குக் கட்டணம் என்று ஒன்று கிடையாது.

கம்பெனியிடம் பாஸ்போர்ட் தொலைந்ததை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர் வேலை அனுமதிக்குப் பழைய எண்ணைக் கொடுத்து அவர்கள் விண்ணப்பித்திருந்தால் அதை மாற்ற வேண்டியிருக்கும். பழைய புத்தகத்தில் வேறு நாட்டு விசா ஏதும் செல்லுபடியில் இருந்தால் அந்தத் தூதரகத்துக்கும் எழுதுங்கள்.

விண்ணப்பம் கொடுத்த பிறகு பை கிடைத்துவிட்டால்? நடக்கும், பஸ் டிப்போவிலிருந்தே கூப்பிடலாம். தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட்டை வைத்துப் பயணம் செய்ய முயற்சிக்காதீர்கள், இமிக்ரேஷனில் நிறுத்திவிடுவார்கள். அதைக் கோரமங்களாவில் இருக்கிற மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒரு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.