டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ்ல பிரேசில்காரர் யாராவது ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம்) ஜெயிச்சிருக்காங்களா?

ஜெயிச்சிருக்காரு, ஒரே ஒருத்தர்தான். மவுரோ ரிபெய்ரோ, ஊர் குரிச்சிபா.

1991 ஜூலை 14, ஒன்பதாவது ஸ்டேஜ், அலான்சோன்ல கிளம்பி ரென் வரைக்கும். அன்னைக்கு பிரான்ஸோட தேசிய நாள் வேற, ஒரு பிரெஞ்சுக்காரர் ஜெயிக்கணும்னு ரோட்டோரம் நிக்கிற ஜனம் பூரா ஆசைப்படுற நாள், கடைசில ஸ்பிரின்ட்ல இவர் பிரெஞ்சுக்காரர் லோரான் ஜலபேரையே பின்னால தள்ளிட்டு கோட்டைத் தாண்டுறாரு பாருங்க, அது சின்ன விஷயமே இல்ல! மொத்த ரேஸ்ல முன்னிலைல இருக்கிறவர் போடுற மஞ்சள் ஜெர்சி அப்போ அமெரிக்காக்காரர் கிரெக் லெமாண்ட்கிட்ட இருந்துச்சு.

ரிபெய்ரோ ஓட்டினது ஆர்எம்ஓங்கிற பிரெஞ்சு டீமுக்கு. பிரேசில்ல இருந்து வர்ற பையனுக்கு பெரிய ரேஸ் எல்லாம் ஐரோப்பாலதான், அதனால வீட்டை விட்டு, பாஷை தெரியாத ஊர்ல போய்த்தான் பொழைக்கணும், என்னைப் பொறுத்தவரை மலையேறுறதை விட அதுதான் கஷ்டம்.

அவருக்கப்புறம் இன்னொரு பிரேசில்காரர், முரிலோ ஃபிஷர் வந்தாரு, 2000ல இருந்து 2016 வரை அஞ்சு ஒலிம்பிக்ஸ். அவரும் நல்ல ஸ்பிரின்டர், ஆனா கடைசி வருஷங்கள்ல எஃப்டிஜே டீம்ல மத்தவங்க ஜெயிக்கிறதுக்காக முன்னால காத்தை வாங்கிக்கிட்டு இழுத்துக் கொடுத்தவர். அந்த உழைப்பு ரிசல்ட் ஷீட்ல தெரியவே தெரியாது.